ஒரு சீட்டு கூட வைக்காமல்

"ரசமட்டத்தைப் பைக்குள்ளயே வைங்க தம்பி. இந்தத் தரைக்கு அதெல்லாம் தேவையில்ல!"

பூல் டேபிள் பொருத்த வந்த ஃபிட்டர், நீட்டிய கையை அப்படியே இழுத்துக்கொண்டார். பதினெட்டு வருஷத் தொழிலில், மட்டம் பார்க்காதே என்று சொன்ன வீட்டுக்காரரை அவர் பார்த்ததே இல்லை.

"ஐயா, துணிக்கு அடியில இருக்கிற மேஜைக் கல்லு மட்டமா உக்காரலைன்னா பந்து தன் இஷ்டத்துக்கு ஓடும். நீங்க பந்தை ஆட்ட வேண்டியதில்ல, அது உங்களை ஆட்டி வச்சிடும்."

"அது அடுத்தவங்க வீட்டுல. நாற்பது வருஷமாத் தரை போடுற மேஸ்திரி நான். என் வீட்டுத் தரை கண்ணாடி! சாயங்காலம் என் கூட்டாளி மேஸ்திரிங்க அத்தனை பேரும் வர்றாங்க. ஒரு சீட்டு கூட வைக்காம மேஜை நிக்கும்னு சவால் விட்டிருக்கேன்."

தரை சற்று முன்பின் இருந்தால் மேஜைக் காலுக்கு அடியில் பழைய விளையாட்டுச் சீட்டுகளைச் செருகி மட்டம் சேர்ப்பது ஃபிட்டர்களின் வழக்கம். பெரியவருக்கு அந்தச் சூட்சுமமும் தெரிந்திருந்தது.

"மேஜை என் பொண்ணு வாங்கிக் குடுத்தது. அவ சொந்தச் சம்பாத்தியம்" என்று சொல்லும்போதே அவர் நெஞ்சு இரண்டு அங்குலம் விரிந்தது. "சரி, நான் தெருமுனை வரைக்கும் போயிட்டு வர்றேன். அரை மணி நேரமாகும். நீங்க உங்க வேலையைப் பாருங்க."

அவர் தலை மறைந்ததும் ஃபிட்டர் ஒரு பந்தை எடுத்து இன்னும் துணி போர்த்தாத மேஜைக் கல்லின் நடுவில் வைத்தார். அது ஒரு கணம் யோசித்தது. பிறகு யாரோ கூப்பிட்டதுபோல வாசல் பக்கமாக உருண்டு போனது.

ரசமட்டத்தை எடுத்து மேஜை மேல் வைத்தார், தரையில் வைத்தார். சந்தேகமே இல்லை. ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள்; ஊருக்கெல்லாம் தரை போட்ட மனிதர் சொந்த வீட்டில் சறுக்கியிருக்கிறாரே என்று அவருக்குப் பாவமாக இருந்தது.

"வாசல் பக்கம் இறக்கமா?"

நிமிர்ந்து பார்த்தார். கையில் டீயோடு பெரியவரின் மகள் நின்றுகொண்டிருந்தாள்.

"ஆமாம்மா."

"நாலு மில்லிமீட்டர் இருக்குமா?"

"சரியா நாலு மில்லி! மேஸ்திரி பொண்ணுன்னா சும்மாவா?" என்றவர் குரலைத் தாழ்த்தினார். "அப்பா வந்ததும் பக்குவமா எடுத்துச் சொல்லிடுறேன். மறைச்சு வேலை செஞ்சு எனக்குப் பழக்கமில்ல."

அவள் முகம் சுருங்கிவிட்டது. "வேண்டாம்ணே. இந்தத் தரையைப் பத்திப் பெருமை பேசாத நாளே கிடையாது அவருக்கு. வர்றவங்க போறவங்களை எல்லாம் செருப்பைக் கழட்ட வச்சு நடக்க விட்டுக் காட்டுவாரு. இப்ப இதைக் கேட்டா ஒடிஞ்சு போயிடுவாரு."

"அதுக்காகக் கோணல் மேஜையைக் குடுத்துட்டுப் போக முடியுமாம்மா? என் பேரு என்ன ஆகுறது?"

"காலுக்கு அடியில வச்சாத்தானே தெரியும்? காலுக்கும் மேல இருக்கிற சட்டத்துக்கும் நடுவுல வச்சிடுங்க. சுத்துப் பலகை மறைச்சிடும். நான் ஜாக்கி பிடிக்கிறேன்."

சொன்னதோடு நிற்கவில்லை. டீயை ஜன்னலில் வைத்துவிட்டு, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு மேஜைக்கு அடியில் புகுந்துவிட்டாள். ஃபிட்டருக்கு வேறு வழி இல்லை. போல்ட்டைத் தளர்த்தி, பையிலிருந்த சீட்டுகளை ஒன்று, இரண்டு என்று வைத்துப் பார்த்ததில் வாசல் பக்கக் கால் ஒவ்வொன்றுக்கும் பதின்மூன்று சீட்டு பிடித்தது. ரசமட்டத்தின் குமிழி அசையாமல் நடுவில் நின்றது. அவள் விட்ட பெருமூச்சு மேஜைக்கு மேலே வரைக்கும் கேட்டது.

பெரியவர் சொல்லி வைத்தாற்போல அரை மணி கழித்துத்தான் வந்தார். பிற்பகலுக்குள் பச்சைத் துணியும் இழுத்துக் கட்டியாகிவிட்டது.

சாயங்காலம் நாலைந்து மேஸ்திரிகள் வந்தார்கள். ஒருவர் விடாமல் குனிந்து மேஜைக் கால்களுக்கு அடியில் விரலை விட்டுத் தேடினார்கள். ஒன்றும் அகப்படவில்லை. பெரியவர் வெள்ளைப் பந்தை மெல்ல உருட்டிவிட்டார். அது நூல் பிடித்தாற்போல எதிர்ப் பக்கம் போய் முட்டி, வந்த வழியே அவர் கைக்குத் திரும்பியது.

"பாத்தீங்களாய்யா! தரைன்னா இது தரை!" என்று அவர் போட்ட சத்தத்தில் மகள் வெட்கப்பட்டுச் சிரித்தாள். கூட்டாளிகள் ஆளுக்கொரு தடவை பந்தை உருட்டிப் பார்த்துத் தலையாட்டினார்கள். இத்தனை சந்தோஷத்துக்காக ஒரு பொய் சொன்னால் தப்பில்லை என்று ஃபிட்டர் தன்னைத் தேற்றிக்கொண்டு பையை எடுத்தார்.

வாசல் கேட் வரைக்கும் வழியனுப்ப வந்த பெரியவர், பின்னால் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார்.

"பதின்மூணு சீட்டுப் பிடிச்சுதா தம்பி?"

ஃபிட்டர் இழுத்தார். "ஐயா... அது வந்து..."

"பயப்படாதீங்க. நாலு மில்லி இறக்கம் என் கண்ணுக்குத் தப்புமா? போட்ட அன்னைக்கே பாத்துட்டேன்."

"தெரிஞ்சுமா தரை கண்ணாடின்னு அவ்வளவு பேர்கிட்ட சவால் விட்டீங்க?"

உள்ளே, பந்து குழியில் விழும் சத்தமும் அதைத் தொடர்ந்து மகளின் சிரிப்பும் கேட்டன. பெரியவரின் முகம் மலர்ந்துபோனது.

"என் பொண்ணு கரண்டி பிடிச்சுத் தனியாப் போட்ட முதல் தரை தம்பி அது. கோணல்னு அவளுக்கு மட்டும் தெரிஞ்சிடக் கூடாது."