தூணில் ரெண்டு சுற்று

முதலில் வம்புக்கு வந்தவன் என் தங்கச்சி புருஷன்தான். இயற்பியல் வாத்தியார். பதினோரு வருஷத்துக்கு முன்னால், வீடு நிறைய ஆள் இருக்கும்போது சொன்னான்:

"மச்சானுக்குத் தோள் இருக்கு. மூளைதான் இல்லை."

நான் சுமை தூக்கிப் பிழைத்தவன். அன்றோடு பேச்சை நிறுத்தினேன்.

நேற்று அவர்கள் வீடு மாறினார்கள். மூன்றாவது மாடியிலிருந்து இரும்பு பீரோவை இறக்க ஆள் வேண்டும். தங்கச்சி கூப்பிட்டாள். அவளுக்காகப் போனேன்.

படியில் பலகையைச் சாய்த்து பீரோவை ஏற்றினோம். மேலே நான். கீழே அவன். படித் திருப்பத்தில் தங்கச்சி. பீரோவின் கயிற்றை என் இடுப்பில் கட்டிக்கொண்டேன். மிச்சம் பின்னால் கிடந்தது.

"இடுப்புல கட்டாதீங்க மச்சான். பக்கத்துல இரும்புத் தூண் இருக்கு, அதுல ரெண்டு சுத்து சுத்துங்க. உராய்வே பாரத்தைப் பிடிச்சுக்கும்."

"பாடத்தைப் பள்ளிக்கூடத்தோட வெச்சுக்கச் சொல்லும்மா உன் வீட்டுக்காரரை."

நாலு படி இறங்கியிருக்கும். பீரோ சர்ரென்று வழுக்கியது. கயிறு இடுப்பை வெட்டி இழுத்தது. தூணைக் கட்டிப்பிடித்தேன். கை நழுவியது.

அவன் கீழேயிருந்து தோளைக் கொடுத்து முட்டினான். ரெண்டு படி தள்ளித் திருப்பம். குதித்து ஒதுங்கலாம்.

"ஒதுங்கச் சொல்லும்மா! நசுங்கிடுவான்!"

"தூணைச் சுத்துங்க மச்சான்!"

"நகருடா!" பதினோரு வருஷம் கழித்து அவனிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை.

"ரெண்டு சுத்து!"

உயிர் போகிற நேரத்திலும் வாத்தியார் வீம்பைப் பாருங்கள்!

பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு முட்டு முட்டினான். கயிறு கொஞ்சம் தளர்ந்தது. செக்குமாடு மாதிரி தூணை ரெண்டு சுற்றுச் சுற்றினேன்.

பீரோ நின்றது.

இடுப்பு முடிச்சை அவிழ்த்து, கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டேன். அத்தனை பாரத்துக்கும் ஒரு கை போதுமாக இருந்தது. எனக்கே நம்ப முடியவில்லை.

கீழே போனதும் கத்தினேன். "படிச்ச மனுஷனுக்கு ஒதுங்கத் தெரியாதாம்மா?"

தங்கச்சி அழுதுகொண்டே அவன் சட்டையை விலக்கினாள். தோள் முழுக்க ரத்தம் கட்டியிருந்தது.

"அவர் ஒதுங்கியிருந்தா பீரோவோட நீயும் வந்திருப்பேண்ணா. கயிறு உன் இடுப்புலதானே இருந்தது?"

அவள் எடுத்து வந்த தைலத்தை வாங்கி அவன் தோளில் நான்தான் தேய்த்துவிட்டேன்.

அவனுக்கும் தோள் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அன்றைக்குச் சொன்னதற்கு இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை.