நாலு விரற்கடை

முப்பத்தெட்டாவது நாளாகச் செண்பகவல்லி ஹாலில் பாயை விரித்து, இரண்டு காலையும் நீட்டி உட்கார்ந்து குனிந்தாள். கைக்கும் கால்விரலுக்கும் நடுவே இன்றைக்கும் அதே நாலு விரற்கடை. “சிரிச்ச முகத்தோட, மெதுவா குனியுங்க” என்றாள் போனுக்குள் யோகா சொல்லித்தந்த சிறுக்கி. அவளுக்கு வயிறே இல்லை, சிரிப்பாள். செண்பகவல்லிக்கு முழங்கால் பாதிக்கு மேல் மடங்காது. கால்விரலைத் தொட இப்படிக் குனிந்தால்தான் உண்டு. இடது கால் மெட்டி எப்போதோ தேய்ந்து விழுந்துவிட்டது. வலது கால் மெட்டி மட்டும் இருபத்தாறு வருஷமாகச் சதைக்குள் புதைந்து கிடக்கிறது. அதைக் கழற்றித் தரச்சொல்லி யாரிடம் கேட்பது? தங்கச்சியிடம் ஜாடையாகச் சொன்னதற்கே, “மாமா குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது என்னக்கா பேச்சு இது?” என்று இவள் வாயைப் பொத்தினாள். பொங்கலன்று அத்தனை பேர் முன்னால் புருஷன் குருசாமி இவளைக் கன்னத்தில் அறைந்தபோது, அந்தத் தங்கச்சி பானையைக் கிண்டிக்கொண்டே இருந்தாள். செண்பகவல்லி மறுபடி குனிந்தாள். இடுப்பு பிடித்துக்கொண்டது. ஆத்திரத்தில் தன் தொடையிலேயே ஓங்கி அடித்தாள். “எதுக்குடி இந்த வயசுல இந்தக் கூத்து?” பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் குருசாமி எழுந்து வந்தார். “மூச்சை விடு. நான் அமுக்குறேன்.” அதே கை முதுகில் பதிந்தது. எங்கேயோ ஒரு எலும்பு மளுக்கென்றது. நாலு மூன்றாயிற்று, ஒன்றாயிற்று. விரல்நுனியில் வெள்ளி சில்லென்று பட்டது. “தொட்டுட்டியா?” என்றார். மெட்டிக்கு அடியில் நகத்தை நுழைத்தபடியே, “தொட்டுட்டேன். கையை எடுத்துடாதீங்க, இன்னும் கொஞ்சம் அமுக்குங்க” என்றாள்.