ஆறரை மணி நேரத் தூக்கம்

"ஆறரை மணி நேரமா? நானா? வயரை ஒட்டறதுக்குத் தலைமுடியில நீங்க அப்பின பசையே இன்னும் காயலை. அதுக்குள்ள இப்படி வாய் கூசாம சொல்றீங்களே டாக்டர்!"

வெர்னா நீமி நாற்காலியை விட்டு எழுந்தே விட்டாள். டுலூத் நகரத்தில் முப்பத்தோரு வருஷம் பள்ளிக்கூடப் பஸ் ஓட்டிய குரல் அது. பக்கத்து அறையில் யாரோ எட்டிப் பார்த்தார்கள்.

மார்கிட் ஓல்சன் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். தூக்க ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு இது ஏழாவது வருஷம். நல்ல செய்தி சொல்லித் திட்டு வாங்குவது புதிதல்ல.

"நீங்க பொய் சொல்றதா நான் சொல்லவே இல்லை வெர்னா. ராத்திரி மூணு தடவை ஸ்பீக்கர்ல கூப்பிட்டு, தூங்கினீங்களான்னு கேட்டோம். மூணு தடவையும், முழிச்சுக்கிட்டுதான் இருக்கேன்னீங்க. ஆனா நாங்க கூப்பிடறதுக்கு முந்தின நிமிஷம் வரைக்கும் உங்க மூளை நல்லாத் தூங்கியிருக்கு. இதோ, அலை அலையா வந்திருக்கு பாருங்க."

"எட்டு வருஷமா நான் ஒரு பொட்டுத் தூங்கலைம்மா. என் புருஷனைப் புதைச்ச அன்னிக்குப் போன தூக்கம். முன்னறை சாய்வு நாற்காலியில உட்கார்ந்தே விடியறதைப் பார்க்கிறேன். பைபிள் மேல கை வெச்சுச் சொன்னப்போ ஜட்ஜே நம்பினாரு. உங்க மிஷினுக்கு மட்டும் என்ன வந்துச்சு?"

"ஜட்ஜை விட என் மிஷின் கறாரு" என்றாள் மார்கிட்.

வெர்னாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஜன்னலோரம் காபிக் கோப்பையோடு நின்றிருந்த ரோரி மட்டும் சிரிக்கவில்லை. அவளுடைய ஒரே மகன். மனைவி ஜோலீனோடு சண்டை போட்டுக்கொண்டு அம்மா வீட்டுக்கு வந்தவன், மூன்று வருஷம் முன்பு ஜோலீன் இறந்த பிறகு அங்கேயே தங்கிவிட்டான் என்று படிவம் நிரப்பும்போது வெர்னா சொல்லியிருந்தாள்.

"மிஷின்லதான் கோளாறு இருக்கும். அம்மா தூங்க மாட்டாங்க. தெருவுக்கே தெரியும்" என்றான் ரோரி. "எதுக்கு இந்த வேலைன்னு நான் அப்பவே தலையால அடிச்சுக்கிட்டேன். பேப்பர்ல விளம்பரத்தைப் பார்த்துட்டு அவங்களாவே பேரைக் கொடுத்துட்டாங்க."

பெற்றவளை நான்கு பேர் எதிரில் பொய்க்காரி ஆக்கிவிடுவார்களோ என்று தவிக்கிறான், பாவம் என்று மார்கிட் நினைத்தாள். குரலைத் தணித்துக்கொண்டாள்.

"அம்மா சொல்றதும் நிஜம்தான் ரோரி. மூளையில பெரும்பாகம் தூங்கும். ஒரு ஓரத்துல கொஞ்சம் மட்டும் கண்ணசராது. அந்தக் கொஞ்சம்தான், நான் முழிச்சிருக்கேன், முழிச்சிருக்கேன்னு சொல்லிக்கிட்டே இருக்கும். காலையில எழுந்தா அதுதான் ஞாபகம் இருக்கும்."

"அதெப்படி? பஸ்ல கடைசி சீட்டுல ஒரு பயல் எழுந்து நின்னாக்கூட நான் கண்ணாடியைப் பார்க்காமலே கண்டுபிடிப்பேன்" என்றாள் வெர்னா. "நேத்து என் அறைக்கு ஒரு ஈ காக்கா வரலை. வந்திருந்தா எனக்குத் தெரியாதா?"

மார்கிட் கணினித் திரையை அவள் பக்கம் திருப்பினாள்.

திரையில் வெர்னா சாய்ந்து கிடந்தாள். மணி இரண்டு நாற்பது. கதவு திறந்தது. ஆய்வுக்கூடத்து ஊழியர் டார்ச் விளக்கோடு உள்ளே வந்தார், ஆறடி உயரம், ஆளை அடிக்கும் உருவம். அவள் நெற்றியில் கழன்றிருந்த வயரை ஒட்டினார். தும்மினார். வெளியே போய்க் கதவைச் சாத்தினார். வெர்னாவிடம் ஓர் அசைவு இல்லை.

"இன்னொரு தடவை போடுங்க" என்றாள் வெர்னா.

மறுபடியும் கதவு திறந்தது. மறுபடியும் மூடியது. மூன்றாம் தடவை அவள் தன்னைப் பார்க்கவில்லை. கதவை மட்டுமே பார்த்தாள்.

"போதும்மா. வா, போகலாம். பனி கொட்ட ஆரம்பிச்சுடுச்சு" என்று ரோரி அவள் தோளைத் தொட்டான். அவள் அந்தக் கையை மெதுவாக எடுத்து விட்டாள்.

"டாக்டர், இது எனக்குப் புதுசா வந்ததா? இல்லை, எட்டு வருஷமாவே இப்படித்தானா?"

"அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா உங்களை மாதிரி நிறையப் பேரைப் பார்த்திருக்கேன். பெரும்பாலும் ஆரம்பத்துல இருந்தே இப்படித்தான் இருக்கும்." மார்கிட் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "சந்தோஷப்படுங்க வெர்னா. இத்தனை வருஷமும் நீங்க தூங்கிக்கிட்டுதான் இருந்திருக்கீங்க."

கை சில்லிட்டிருந்தது. முகத்தில் ரத்தமே இல்லை. மார்கிட் அவசரமாகத் தண்ணீர் ஊற்றி நீட்டினாள். வெர்னா வாங்கவில்லை.

"அந்தச் சாய்வு நாற்காலி வாசக் கதவுக்கு நேரா இருக்கு டாக்டர்" என்றாள். "என்னைத் தாண்டாம யாரும் வெளியே போக முடியாது. கோர்ட்டுல அதைத்தான் சொன்னேன். விடிய விடிய முழிச்சிருந்தேன், என் பிள்ளை படி இறங்கலைன்னு சொன்னேன்."

ரோரி காபிக் கோப்பையை மேஜையில் வைத்தான். அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

வெர்னா அவன் முதுகையே பார்த்தாள்.

"ஜோலீனைக் கொன்னாங்களே, அன்னிக்கு ராத்திரி நீ எங்கேடா போயிருந்தே?"