பதினோரு நாளாக விழி காலேஜ் போகவில்லை

“பையன் விஷயந்தான். வேற என்னவா இருக்கும்?” என்றார் குற்றாலிங்கம்.

மனைவி சண்முகசுந்தரி சாத்தியிருந்த அறைக்கதவையே பார்த்தாள். உள்ளே மகள் வேல்விழி. நர்சிங் இரண்டாம் வருஷம். பதினோரு நாளாகக் காலேஜ் பக்கம் தலைகாட்டவில்லை. சோறு இறங்கவில்லை, தூக்கமும் இல்லை. என்ன என்று கேட்டால் “ஒண்ணுமில்லம்மா” என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறாள்.

இன்னும் நாலு நாள் வராவிட்டால் பரீட்சை எழுத விடமாட்டோம் என்று காலேஜிலிருந்து போன் வந்துவிட்டது.

“நான் நேர்ல போயிக் கேக்கேன். அந்தப் பய யாருன்னு தெரியட்டும்” என்று சட்டையை மாட்டினார்.

சீசன் நாளில் கடையை விட்டு நகர்கிற ஆள் இல்லை அவர். குற்றாலத்தில் அருவிக்குப் போகிற வழியில் நேந்திரம் சிப்ஸ் கடை. போகிறவர் வருகிறவரை நாலு வார்த்தை கிண்டலடித்து, உள்ளங்கையில் சூடாக இரண்டு சிப்ஸை வைத்துக் கடைக்குள் இழுப்பதில் அவரை மிஞ்ச அந்தத் தெருவில் ஆளே கிடையாது.

அப்பேர்ப்பட்ட வாய், தென்காசியில் காலேஜ் பெஞ்சில் கப்சிப்பென்று உட்கார்ந்திருந்தது. விழி போனில் மனம்விட்டுப் பேசியது நூருன்னிசா மேடத்திடம் மட்டும்தானாம். அவர்தான் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

“பையன் விஷயமெல்லாம் இல்ல அண்ணாச்சி. விழியோட பிரண்ட் லிந்தோய், மணிப்பூர் பிள்ளை, தெரியும்லா?”

“பேரு கேள்விப்பட்டிருக்கேன்.”

“விழி வராம நின்னதுக்கு முந்தின நாளு கிளாஸே சேர்ந்து குற்றாலத்துக்குக் குளிக்கப் போச்சு. அங்க ஒரு ஆளு அத்தனை பேரு முன்னால, ‘ஏட்டி சீனாக்காரி, உங்க ஊருல நாய் மிச்சம் இருக்கா, எல்லாத்தையும் தின்னு தீத்துட்டியளா’ன்னு கேட்டிருக்கான். எல்லாப் பிள்ளையளும் சிரிச்சிருக்கு. தமிழ் சரியாப் புரியாததால லிந்தோயும் சேந்து சிரிச்சிருக்கா. பொறவு பஸ்ல வச்சு யாரோ அர்த்தம் சொல்லியிருக்காங்க.”

குற்றாலிங்கம் நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தார்.

“பேச்சு வாங்குனது அந்தப் பிள்ளை. எம்புள்ள எதுக்கு மேடம் படுத்துக் கெடக்கணும்?”

“லிந்தோய் இதுக்கு முன்னாலயும் எவ்வளவோ கேட்டிருக்கா. எப்படியோ கிளாஸுக்கு வந்துட்டுப் போயிருதா, யார்கூடயும் பேசுததில்ல. ஆனா பாத்துக்கிட்டு நின்னவங்களையும் இது உள்ளுக்குள்ள அரிக்கும் அண்ணாச்சி. நம்ம கண்ணு முன்னால நடந்துச்சே, ஒரு வார்த்தை கேக்காம நின்னோமேன்னு.”

“யாரு மேடம் அந்தப் பய?”

“எவ்வளவோ கேட்டுப் பாத்துட்டேன். அதை மட்டும் சொல்ல மாட்டேங்கா.”

“வெளியூர்க்காரனாத்தான் இருக்கும். நம்ம ஊர்க்காரன் வந்த பிள்ளைய அப்படிப் பேச மாட்டான்” என்று எழுந்தார்.

பஸ்ஸில் வரும்போது அவருக்கு மனசு கலங்கியது. அடுத்தவருக்கு ஒன்று என்றால் துடித்துப்போகிற பிள்ளையைப் போய்ச் சந்தேகப்பட்டோமே என்று வெட்கமாக இருந்தது. கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் நேரே அறைக்குள் போய் மகளின் கட்டிலில் உட்கார்ந்தார்.

“மேடம் எல்லாம் சொன்னாவ. அப்பா தப்பா நெனச்சுட்டேன்மா. அந்த ஆளு யாருன்னு மட்டும் சொல்லு. இன்னைக்கே போயி அந்தப் பிள்ளைகிட்ட மன்னிப்புக் கேக்க வைக்கேன்.”

விழி பல நாள் கழித்து அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

“நெசமாவே ஞாபகம் இல்லையாப்பா?”

“என்னட்டி?”

“நாங்க கடைக்கு வந்தோம்லா. எல்லார் கையிலயும் சிப்ஸ் வச்சிய. அவ கையில வைக்கும்போதுதான கேட்டிய.”

குற்றாலிங்கத்துக்கு உடனே நினைவு வரவில்லை. நாளைக்கு நூறு பேரிடம் பேசுகிற பேச்சு. பிறகு நீட்டிய ஒரு சின்னக் கை மட்டும் மெல்ல நினைவுக்கு வந்தது. வாசலில் நின்ற சண்முகசுந்தரி தலையைக் குனிந்துகொண்டாள்.

“நான்... சும்மா வெளாட்டுக்குச் சொல்லியிருப்பேன்மா” என்றார்.

“தெரியும்ப்பா. அதான் மொதல்ல நான் சிரிச்சேன். நான் சிரிக்கதப் பாத்துத்தான் லிந்தோயும் சிரிச்சா.”