கீரிமலைக்குப் போகும் ஆறு

அண்ணன் அம்மாவின் சாம்பல் இருந்த மண்முட்டியை இரண்டு கைகளாலும் தலைக்கு மேல் தூக்கினார்.

ஆறு சின்னதாகத் தெரியுது, கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ என்றான் படம் பிடித்தவன்.

தள்ளி நின்றாலும் எர்லெ சின்ன ஆறுதான். கோடையில் நாய் ஒரே பாய்ச்சலில் தாண்டிவிடும். அக்கரையில் சோளத் தோட்டம். இக்கரையில் சைக்கிள் பாதை, ஒரு பெஞ்சு, வாத்துகளுக்குப் பாண் துண்டு போடாதீர்கள் என்று ஒரு பலகை.

சாம்பலை ஆற்றில் விட ஜெர்மன் சட்டம் இடம் தராது. அதனால் எல்லோரும் பிக்னிக் வந்தவர்களைப் போலக் கூடைகளோடு வந்திருந்தார்கள். அண்ணன் மட்டும் பட்டு வேட்டி. தமிழ்ச் சங்கத் தலைவர் பிக்னிக்குக்கும் அப்படித்தான் வருவார் என்பது அவர் நியாயம்.

அவருடைய தங்கச்சி ஈரப் புல்லில் செருப்பில்லாமல் நின்றாள்.

உண்மையைச் சொல்ல இன்னும் நேரமிருந்தது. ஒரு வசனம் போதும்.

அண்ணன் கனடாவைப் பார்த்துப் பேசத் தொடங்கினார். கனடா கைபேசிக்குள் இருந்தது.

“ஊரில எண்டால் கீரிமலைக் கடலிலதான் சாம்பல் கரைக்கிறது. நானும் டிக்கெட் எடுத்து வைச்சனான். வேண்டாம், இந்த ஆறே போதும் எண்டு அம்மா கடைசியாச் சொன்னவா. இந்த மண்ணை அப்பிடி நேசிச்சவா. உலகத் தமிழிச்சி!”

கனடா கைதட்டியது.

அம்மா நேசித்த மண்ணை அவளுக்குத் தெரியும். பாண் புளிக்குது. வெயிலுக்குச் சூடில்லை. சனத்துக்குக் கதையில்லை என்பாள் அம்மா.

ஞாயிறுகளில் முதியோர் இல்லத்திலிருந்து சக்கர நாற்காலியை இந்தப் பாதையால் தள்ளி வருவாள். பெஞ்சடியில் அம்மா கேட்பாள்.

“பிள்ளை, இது எங்கை போகுது?”

முதலில் உண்மையைத்தான் சொன்னாள். மேட்டில் மாடு மேயும் புல்வெளியில் ஊறி, ஓடாத பழைய மாவு ஆலையைச் சுற்றி, நெடுஞ்சாலைக்கு அடியில் குழாய்க்குள் நுழைந்து, கழிவுநீர் நிலையத்துக்குப் பின்னால் ஒரு பெரிய ஆற்றில் விழுகிறது. அது ரைனில் விழுகிறது. ரைன் வடகடலில்.

“அது எங்கட கடலோ?”

“இல்லையம்மா.”

அம்மா அழுதாள். அழுததை மறந்து, மறுபடியும் கேட்டாள். மறுபடியும் அழுதாள்.

மழை வரும்போலிருந்தது. அவளுக்குப் பின்னேர வேலையும் இருந்தது.

“கீரிமலைக்கு, அம்மா” என்றாள்.

அழுகை நின்றது. அவ்வளவு சுலபமாக.

அதன்பிறகு அம்மா கீரிமலையிலிருந்த தங்கைக்குச் சாமான் அனுப்பத் தொடங்கினாள். ஒரு பிஸ்கட். ஒரு பிளம்ஸ் பழம். இல்லத்துத் தேநீர்க் கரண்டி. பனிக்காலத்தில் ஒருநாள், தலையிலிருந்த சிவப்புக் கம்பளித் தொப்பியைக் கழற்றி எறிந்தாள்.

“தவத்துக்குத் தொப்பி கிடைச்சதோ?”

“கிடைச்சதாம். நல்ல அளவாம்.”

தவம் சின்னம்மா இறந்து பல வருடங்கள். அம்மா அதை மறந்திருந்தாள். அவள் நினைவுபடுத்தவில்லை.

பிறகு அம்மாவின் கடைசிக் கட்டிலடி. இந்த ஆறே போதும் என்று அம்மா சொன்னபோது சுற்றி நின்றவர்கள் பெருமையில் அழுதார்கள். அவள் மட்டும் யன்னலைப் பார்த்தாள்.

இப்போது அண்ணன் திரும்பிப் பார்த்தார்.

“என்ன தங்கச்சி, விடவோ?”

டிக்கெட்டை அவர் இன்னும் ரத்துச் செய்யவில்லை.

அவள் வாயைத் திறந்தாள். கனடா பார்த்துக்கொண்டிருந்தது.

“விடுங்கோ அண்ணா.”

முட்டி கவிழ்ந்தது.

ஒரு பங்கு காற்றோடு திரும்பி வந்து பட்டு வேட்டியில் படிந்தது. படம் பிடித்தவன் நாகரிகமாக வானத்தைப் பிடித்தான். மிச்சம் நீரில் சாம்பல் ஆடையாக மிதந்தது. இரண்டு வாத்துகள் வந்து பார்த்தன. பாண் இல்லை. போய்விட்டன.

“அம்மா புறப்பட்டிட்டா. ரைன். வடகடல். அத்திலாந்திக். இந்து சமுத்திரம்.” ரயில் நிலையங்களை அறிவிப்பதுபோல் அறிவித்தார் அண்ணன்.

அம்மா முதல் வளைவில் நின்றுவிட்டாள்.

கரையோர மரமொன்றின் வேர்கள் அங்கே நீருக்குள் கூடை பின்னியிருந்தன. சாம்பல் அங்கே போய்ச் சுற்றிச் சுற்றி வந்தது. அவள் கரையால் நடந்துபோய்க் குனிந்தாள்.

வேருக்குள் ஒரு கம்பளித் தொப்பி. சேறேறி, பாசி படர்ந்து. விளிம்பில் மட்டும் இன்னும் கொஞ்சம் சிவப்பு.

பெஞ்சிலிருந்து கூப்பிட்டால் கேட்கும் தூரம்.

அவள் சேலையோடு இறங்கினாள். முழங்கால் வரை குளிர். தொப்பியை வேரிலிருந்து விடுவித்து இரண்டு கைகளாலும் நீரைத் தள்ளினாள். தொப்பி ஒரு முழம் போய் நின்றது. சாம்பல் அதைச் சுற்றிக்கொண்டது. மறுபடியும் தள்ளினாள்.

கைபேசிக்குள்ளிருந்து யாரோ கேட்டார்கள், அதென்ன சடங்கு என்று.

அண்ணனுக்கு ஒரு கணம்தான் தேவைப்பட்டது.

“அது எங்கட பழைய முறை. பொம்பிளைப் பிள்ளைதான் தள்ளி அனுப்பவேணும். பிறகு சொந்தக்காரர்.”

சொந்தக்காரர் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பெரியப்பா சப்பாத்தைக் கழற்றினார். மச்சாள் கூடையை வைத்தாள். காற்சட்டைகள் உருண்டு மேலேறின. பிக்னிக் முழுவதும் ஆற்றுக்குள் இறங்கியது. நெடுஞ்சாலைப் பக்கம் பார்த்து, எல்லோரும் பக்தியோடு தண்ணீரைத் தள்ளினார்கள்.

தூரத்தில் குழாயின் வாய் கறுப்பாகத் தெரிந்தது.

யாரோ பக்கத்தில் வந்து குனிந்தார்கள். அண்ணன். பட்டு வேட்டி மடித்துக் கட்டியிருந்தது. நேரே முன்னால் பார்த்தபடி தள்ளினார். பிறகு, கனடாவுக்குக் கேட்காத குரலில், அழுதுகொண்டு கேட்டார்.

“தங்கச்சி, உண்மையா இது எங்கை போகுது?”

தொப்பி அடுத்த வேரில் மாட்டியது.

“கீரிமலைக்கு, அண்ணா” என்றாள்.

இந்தமுறை அழுகை நிற்கவில்லை.