எதிர்க்கடை ராத்தா

"சொன்ன திகதிக்குத் தச்சுக் குடுக்கிற என்ட கடையில ஒரு ஆளைக் காணல்ல. தச்சத எங்க வெச்சனெண்டு தேடுற அவட கடையில இருக்க இடமில்ல. இது நியாயமா, நீங்களே சொல்லுங்க?"

நிப்லா கேட்டது கணவன் றிஸ்கானிடம். அவன் பாணைச் சம்பலில் தொட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"அவட கடையப் பாக்கிற நேரத்துக்கு ரெண்டு சட்டை தச்சிருப்பாய்" என்றவன், கையைக் கழுவிவிட்டு ஓட்டோவை எடுத்துக்கொண்டு துறைமுகப் பக்கம் போய்விட்டான்.

நிப்லாவுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

ஒழுங்கையின் இந்தப் பக்கம் நிப்லாவின் தையல் கடை. அந்தப் பக்கம், அவள் அக்கா முறையில் ராத்தா என்று கூப்பிடும் ஷிஃபானாவின் தையல் கடை. நடுவில் ஒரு ஓட்டோ போகிற இடம்தான். அங்கே யார் வந்தாலும், யார் சிரித்தாலும் இங்கே மெசினில் இருக்கிற நிப்லாவுக்குத் தெரியும். கேட்கும். எண்ணவும் ஏலும்.

காலையிலேயே நாலு பேர். ஐந்தாவதாக வந்த றஹ்மா நிப்லாவின் வாசலில் தலையை நீட்டினாள்.

"நிப்லா, ஒரு கதிரை தாவன். அங்க எல்லாத்திலயும் ஆக்கள். இஞ்ச சும்மாதானே கிடக்கு?"

சும்மாதானே கிடக்கு! நிப்லா பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தபடி கதிரையைத் தூக்கிக் கொடுத்தாள்.

அப்படி என்ன பெரிய தையல்காரி? போன மாசம் ஒரு சட்டைக்கு இரண்டு கையையும் இடக்கையாகவே தைத்து வைத்தவ. கத்தரிக்கோலைக் காணவில்லை என்று ஒழுங்கை முழுக்க விசாரித்துவிட்டு, கடைசியில் பிரிட்ஜுக்குள் இருந்து எடுத்தவ. போனில் பதினொரு அலாரம். ஒவ்வொன்றும் அடிக்கும்போது, "இத என்னத்துக்கு வெச்சன்?" என்று துணி கொண்டுவந்தவர்களிடமே கேட்பா. அவர்களும் சேர்ந்து சிரிப்பார்கள்.

நிப்லா ஒரு தெறியை, ஒரே ஒரு பட்டனை, மாற்றித் தைத்தால் யாராவது சிரிப்பார்களா? துணியைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

இரண்டு மாசத்துக்கு முன்பு ராத்தா ஓடிவந்து சொன்னதும் நினைவுக்கு வந்தது.

"நிப்லா, நான் சோம்பேறியும் இல்ல, விசரியும் இல்லயாம்! டொக்டர் சொல்லிட்டார். ஏ.டி.எச்.டி. எண்டு பேராம். கவனம் ஒரு இடத்தில நிக்காதாம். குளிசை தந்திருக்கார். பக்கத்தில ஒரு ஆள் இருந்தா வேலை ஓடுமாம். எனக்கும் அப்பிடித்தான் புள்ள, அதுதான் வாறாக்கள இருத்தி வெச்சுத் தைக்கிறனான்."

சோதனையில் பாஸானவள் மாதிரி முகமெல்லாம் சந்தோசம்.

நோய் வருத்தத்துக்குக்கூட ஆள் சேர்க்கிறாவே என்று நிப்லாவுக்கு அன்றைக்கும் வயிறு எரிந்தது.

பத்து மணிக்கு எதிர்க்கடையிலிருந்து பரீனா மாமி இறங்கி வந்தா. குறிஞ்சாக்கேணிக்காரி. அடுத்த மாசம் மகளுக்குக் கலியாணம். சொந்தக்காரப் பெண்களுக்கெல்லாம் ஒரே நிறத்தில் நாற்பது சட்டை தைக்க ஆள் தேடுகிறா என்பது ஒழுங்கைக்கே தெரிந்த கதை.

அந்த ஓடர் கிடைத்தால் கிண்ணியா முழுக்க நிப்லாவின் பேர் போய்விடும். கிடைக்காவிட்டால் இந்த மாசத்தோடு கடையைப் பூட்டுவோம் என்று றிஸ்கான் சொல்லியிருந்தான்.

மாமி ஒழுங்கையைக் கடந்து நேரே நிப்லாவின் கடைக்குள் வந்து இருந்தா. நிப்லா மெசினை நிறுத்தினாள். அங்கே சரிவரவில்லைப் போல!

"நல்ல வேளை வந்தீங்க மாமி" என்று தொடங்கினாள். "அங்க குடுத்திடாதீங்க. ராத்தா நல்லவதான், இல்லையெண்டு சொல்லல்ல. ஆனா மூளையில வருத்தம். குளிசை குடிக்கிறா. சின்னப் புள்ளயளுக்கு வாற வருத்தமாம், இவவுக்கு முப்பத்தாறு வயசு! அந்தக் குளிசையக் குடிக்கவே மறந்து போறவ, நாப்பது சட்டைய எப்பிடி மாமி ஞாபகம் வெப்பா? கலியாணத்தண்டு பொம்புளையள் ஒத்தக் கையோடதான் நிக்க வேணும்."

பரீனா மாமி முழுவதையும் கேட்டா.

"சொல்லி முடிஞ்சா மகள்?"

"ஓம் மாமி."

"இதெல்லாம் ஷிஃபானாவே சொல்லிட்டா. குளிசையையும் எடுத்துக் காட்டினா. 'வெட்டுறது நான் வெட்டுவன், கழுத்து டிசைன் நான் போடுவன், ஆனா திகதிக்கு முடிக்கத் தனிய ஏலாது. இந்த ஒழுங்கையில ஒரு நாளும் திகதி பிந்தாத ஆள் நிப்லாதான். அவ சேர்ந்தா நானும் செய்யிறன், விருப்பமில்லையெண்டா முழு ஓடரையும் அவவுக்கே குடுங்க' எண்டவ. அதைக் கேக்கத்தான் வந்தனான்."

நிப்லா மெசினில் கிடந்த துணியை மடிக்கத் தொடங்கினாள்.

அதற்குள் ஷிஃபானாவே ஓடி வந்துவிட்டா. கழுத்தில் அளவு டேப், ஒரு காலில் மட்டும் செருப்பு.

"கேட்டீங்களா மாமி? என்னவாம்? என்னப் பத்தி ஏதும் சொன்னாளா?"

நிப்லா தலையைக் குனிந்தாள். எல்லாம் முடிந்தது.

மாமி அவளை ஒரு தரம் பார்த்தா.

"ஓம், சொன்னா. நீ நல்லவ எண்டு சொன்னா."

ஷிஃபானாவின் முகம் மலர்ந்துவிட்டது. நிப்லாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டா.

"எனக்குத் தெரியும் மாமி, இவள் அப்பிடித்தான்! நிப்லா, உன்னட்ட ஒண்டே ஒண்டுதான் கேக்கிறன். நான் ஏதும் மறந்தா, பிழை விட்டா, மத்தவங்க மாதிரி அங்க இங்க சொல்லித் திரியாம என்ட முகத்துக்கு நேர சொல்லிடு புள்ள, என்ன?"