நிரூபன் சாரின் நேர்கோடு

“ஏன் பிள்ள, நீ படிப்ப விட்டுட்ட?”

இரத்தோட்டையிலிருந்து மகளை வகுப்பில் சேர்க்க வந்த மதலேனா, மாத்தளை போட்டோகொப்பிக் கடையில் வேலைக்கு நின்ற அஜிதாவிடம் கேட்டாள்.

மாடியில் புள்ளிவிபரவியல் வகுப்பு நடத்தும் நிரூபன் சார் முந்திக்கொண்டார். “வகுப்புக்கு ஒழுங்கா வராததுங்க கதி இதுதான்.”

விளம்பரத்துக்குக் கொப்பி எடுக்கக் கொண்டுவந்த வரைபடத்தை ஏதோ செப்பேடு போல விரித்தார். “பாருங்க, வர்ற நாள் கூடக் கூட மார்க்ஸும் கூடுது. எல்லாப் புள்ளியும் ஒரே கோட்டுல. இதுதான் இணைபு. இதுகளுக்கு எங்க விளங்கப்போகுது?”

அஜிதா தலைகுனிந்தபடியே, வலப்பக்க அடிமூலையில் டிப்பெக்ஸ் வெள்ளை பூசி அழித்திருந்த இடத்தில் விரலை வைத்தாள்.

“நான் ஒரு நாளும் விடாம வந்தேன் அக்கா. மார்க்ஸ்தான் வரல்ல. இங்க இருந்த புள்ளி நான்தான். கோட்டைக் கெடுக்குறேன்னு சார்தான் வர வேணாம்னாரு.”

மதலேனா மகளின் கையைப் பிடித்தாள். மாடிப்படி ஏறாமல் வெளியேறினாள்.